சுவரோரத்து வல்லாரை

அம்மா சிட்னிக்கு வந்து மூன்றாம் நாளே மண்வெட்டி கேட்டார். எங்களிடம் இருந்தது நீளக் கைபிடி போட்ட ஒரு சவல்தான். "இதால என்னெண்டு பிள்ளை கொத்துறது?" என்றார். பிறகு அதையே எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டார்.

2016 ஓகஸ்ட் அது. கிரான்வில்லில் நாங்கள் வாங்கிய வீடு 1930களில் கட்டியது. பலகை வீடு. முன்னால் ஒரு சின்ன விறாந்தை, அதைச் சுற்றி மரக் கைபிடி, பின்னால் நீட்டுக்கு வளவு. பரமற்றா வீதிக்கு ஐந்து நிமிட நடை. வாங்கும்போது வீடு வெள்ளை வெளேரென்று இருந்தது. விற்பதற்குக் கொஞ்சம் முன்னர்தான் பழைய பெயின்றைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்திருந்தார்கள். அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் நானும் இவரும் மயங்கினோம். சுரண்டியதெல்லாம் எங்கே போனது என்று வீடு வாங்குகிற எவராவது கேட்பார்களா? நாங்களும் கேட்கவில்லை.

இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கமாகப் போகும். அம்மாவுக்கு அது பிடிபட இரண்டு கிழமை எடுத்தது. பிடிபட்டதும், வடக்குச் சுவரோரம்தான் வளவிலேயே ராசியான இடம் என்று கண்டுகொண்டார். குளிர்காலத்திலும் அந்தப் பலகையில் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். சிட்னியில் வல்லாரை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், ஜூலையில் அது படுத்துவிடும். சுவரோரம் வைத்தது படுக்கவில்லை. கூரையில் பீலி ஓட்டையாக இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் சொட்டிச் சொட்டி அந்த மண் எப்போதும் ஈரமாகவும் இருந்தது. வல்லாரைக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வருடத்தில் சுவர் நீளத்துக்கும் பச்சைப் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. பக்கத்தில் பொன்னாங்காணி, நடு வளவில் முளைக்கீரைப் பாத்தி, பின்வேலி மூலையில் மிளகாயும் கத்தரியும், சாடியில் கறிவேப்பிலை. பெண்டில் ஹில் தமிழ்க் கடையில் வாடிப்போன கீரைக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. எங்கள் வீட்டில் மருந்து அடிக்காத கீரை. கோயிலுக்குப் போகும்போது பை பையாகக் கட்டிக் கொண்டுபோய்ச் சிநேகிதிகளுக்கும் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சுவரோர மண்ணைக் கொத்தும்போது வெள்ளையும் மஞ்சளுமாக, நகத்துண்டு அளவில் சில்லுச் சில்லாக ஏதோ வரும். "ஆரோ முட்டைக்கோது போட்டிருக்கினம். நல்ல பசளை" என்று அம்மா சந்தோஷப்பட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் உயர்தரத்தில் இரசாயனம் படித்தவள் என்பதையும் இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

வேலையிடத்தில் என் பக்கத்து மேசைப் பெண் லைக்காட்டில் இருப்பவள். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் என் வல்லாரைச் சம்பலைப் பார்த்து, வீட்டில் விளைந்ததா என்று கேட்டாள். ஆம் என்றதும், "மண்ணைப் பரிசோதித்தாயா?" என்றாள். மக்குவாரி பல்கலைக்கழகத்தில் 'வெஜ்சேஃப்' என்று ஒரு திட்டம் 2013இலிருந்து நடக்கிறது, வீட்டு மண்ணைத் தபாலில் அனுப்பினால் உலோகங்களை அளந்து சொல்வார்கள், கட்டணம் கிடையாது, விரும்பினால் சிறு நன்கொடை கொடுக்கலாம் என்றாள். அவளுடைய வளவில் ஈயம் கூடுதலாம், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாளாம். நான் சிரித்தேன். ஈயம் என்றால் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம். அது உண்மையில் வெள்ளீயம், வேறு சாமான். இரண்டையும் குழப்பாதே என்று பத்தாம் வகுப்பு ஆசிரியர் தலையில் குட்டியது பிறகுதான் ஞாபகம் வந்தது.

2018 மே மாதம் ஐந்து பொலித்தீன் பைகளில் மண் எடுத்தேன். முன்பக்கம் வீதியோரம் ஒன்று, வடக்குச் சுவரோரம் ஒன்று, நடு வளவுப் பாத்தியில் ஒன்று, வேலி மூலையில் மிளகாய்க்குக் கீழே ஒன்று. ஐந்தாவது, கடையில் வாங்கிய சாடி மண். ஆழத் தோண்ட வேண்டியதில்லை, மேல்மண்தான் வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி அளவு, வேரும் கல்லும் இல்லாமல். அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

"மண்ணையும் பார்சல் பண்ணுறியோ? உனக்கென்ன விசரே?"

"ரெஸ்ற் பண்ணத்தான் அம்மா."

"கீரை வளருது. இதவிட என்ன ரெஸ்ற்?"

எங்கள் பிரச்சினையின் மையமே இந்த ஒரு வரிதான் என்று இப்போது தோன்றுகிறது. வளர்வதுதான் மண்ணுக்குச் சாட்சி என்று அம்மாவும் அவருடைய அம்மாவும் வாழ்ந்தவர்கள். உப்புத் தண்ணீர் ஏறினால் பயிர் கருகும், சத்துக் குறைந்தால் இலை மஞ்சளாகும். மண்ணில் எது பிழைத்தாலும் இலை சொல்லிவிடும். ஈயம் இருக்கிற மண்ணைப் பற்றி இலை ஒரு சொல்லும் சொல்லாது. செடி கொழுகொழுவென்று நிற்கும்.

ஜூலையில் மின்னஞ்சல் வந்தது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள்: ஆசனிக், குரோமியம், செம்பு, மங்கனீசு, நிக்கல், ஈயம், துத்தநாகம் (எங்கள் பாடப்புத்தகத்தில் வெறும் 'நாகம்'). மண் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு உலோகமும் தன் கையெழுத்தைப் போல ஒரு கதிரைத் திருப்பி அனுப்பும், அதை வைத்து அளப்பார்கள். ஈயத்தைத் தவிர எல்லாமே எல்லைக்குள் இருந்தது. ஈயத்துக்கு, தோட்டம் உள்ள வீடுகளுக்கு அவுஸ்திரேலியா வைத்திருக்கிற அளவு 300. கலிபோர்னியா 80 என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது.

எங்களுடையது: வீதியோரம் 340. நடு வளவு 190. சாடி மண் 18. வடக்குச் சுவரோரம் 1,260.

வேலி மூலை 610.

சுவரோரத்துக்குக் காரணம் அறிக்கையிலேயே இருந்தது. இந்த நாட்டில் 1950க்கு முன் கட்டிய வீடுகளில் பூசிய பெயின்றில் பாதி வரைக்கும் ஈயம் இருந்திருக்கிறது. அப்புறம் படிப்படியாகக் குறைத்து 1997இல்தான் 0.1 சதவீதத்துக்கு வந்தார்கள். வெயிலில் பெயின்ற் பொடியாகும், மழையில் வழியும். கூரைத் தண்ணீர் சொட்டுகிற அந்த ஒரு முழ அகல நிலத்தில் எண்பது, தொண்ணூறு வருடச் சொத்து சேர்ந்திருக்கும். அதற்கு மேல் யாராவது உலர்ந்த பெயின்றைச் சுரண்டிக் கீழே கொட்டினால் கேட்கவே வேண்டாம். அம்மாவின் முட்டைக்கோது அதுதான்.

வீதியோரத்துக்குக் காரணம் பெற்றோல். ஈயம் கலந்த பெற்றோல் அவுஸ்திரேலியாவில் 2002 ஜனவரி முதலாம் திகதிதான் முழுதாக நின்றது. பரமற்றா வீதியில் அதுவரைக்கும் எத்தனை கோடி வாகனங்கள் புகை விட்டிருக்கும். புகை போய்விட்டது, ஈயம் போகவில்லை. அது உக்காது, ஆவியாகாது, மழையோடு ஆழத்துக்கும் இறங்காது. மேலே ஒரு சாண் மண்ணுக்குள் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும்.

நாங்கள் தனியாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. அந்தத் திட்டத்தில் முதல் 1,200 சொச்சம் வீடுகளிலிருந்து வந்த 5,200க்கு மேற்பட்ட மண் மாதிரிகளை வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சிட்னி வீடுகளில் நூற்றுக்கு நாற்பது 300ஐத் தாண்டியவை. புரோக்கன் ஹில், போர்ட் பிரி போன்ற சுரங்க ஊர், உருக்காலை ஊர்க் கதையென்றால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இது கோப்பிக் கடையும் பூங்காவும் இருக்கிற வீதிகளின் கதை.

இன்னொன்றைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. பிரிஸ்பேனில் பிள்ளைகளுக்குக் கை கால் வலுவிழந்து, கண்பார்வை கெட்டு ஒரு வருத்தம் வந்துகொண்டிருந்தது. லொக்கார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர் 1904இலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்: விறாந்தைக் கைபிடிகளில் பொடிந்து நிற்கிற பெயின்ற். பிள்ளைகள் அதைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கிறார்கள். குயின்ஸ்லாந்தில் 1922இல் சட்டமும் கொண்டுவந்தார்கள். எங்கள் வீடு அதற்குப் பிறகு கட்டியது. வேறு மாநிலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

விரலை வாயில் வைக்கிற ஆள் எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். சின்னவனுக்கு அப்போது இரண்டு வயது. அம்மம்மா எங்கே குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவாரோ அங்கே இவனும் தன் பிளாஸ்ரிக் கரண்டியோடு குந்தியிருப்பான். சுவரோரம்தான் அவனுக்கும் பிடித்த இடம், சூடு.

மின்னஞ்சலைப் படித்த அன்றிரவு நான் தூங்கவில்லை. அடுத்த நாள் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் எடுத்தோம். ஒரு டெசிலீற்றருக்கு 4.2 மைக்ரோகிராம் வந்தது. இங்கே 5க்கு மேல் போனால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது 2015இலிருந்து தேசிய ஆலோசனை. வைத்தியர் "ஐந்துக்குக் கீழே, பயப்படாதீர்கள்" என்றார். அடுத்த வசனத்திலேயே "ஆனால் பிள்ளைகளுக்கு இவ்வளவு வரைக்கும் பாதுகாப்பு என்று ஒரு அளவு கிடையாது" என்றும் சொன்னார். மருந்து ஒன்றும் தரவில்லை. இந்த அளவுக்கு மருந்து இல்லையாம். இரும்புச்சத்தும் கல்சியமும் உள்ள சாப்பாடு கொடுங்கள் (வயிறு காலியாகவும் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருந்தால் உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுக்குமாம்), மண்ணை விட்டுத் தள்ளி வையுங்கள், ஆறு மாதத்தில் திரும்ப எடுப்போம் என்றார்.

இதற்குள் நான் இணையத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்து அரை வைத்தியராகியிருந்தேன். வாசிக்க வாசிக்க ஒன்று தெரிந்தது: நான் கீரைக்குப் பயந்துகொண்டிருந்தேன், பயப்பட வேண்டியது தூசிக்கு. செடி ஈயத்தை வேரால் உறிஞ்சுவது கொஞ்சம்தான். உறிஞ்சினதும் பெரும்பாலும் வேரோடேயே நின்றுவிடும், காய்க்கு ஏறுவது மிகச் சொற்பம். கத்தரி, தக்காளி, மிளகாய், அவரையெல்லாம் ஓரளவுக்கு நல்ல பிள்ளைகள். கிழங்கு வகையில் கவனம் தேவை, கரட் அதில் மோசம். கீரை நடுவில், ஆனால் கீரைக்கு வேறு வழியால் வரும்: மழை அடித்து மண் தெறித்து இலையில் ஒட்டும், காற்றில் தூசி படியும். அந்தக் கணக்கில் வல்லாரையை விடப் பொல்லாத கீரை இருக்க முடியாது. அது நிலத்தில் ஊர்கிற செடி. ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு நாங்கள் அதைச் சமைப்பதில்லை, பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுச் சம்பல் போடுகிறோம். சமைத்தாலும் ஈயம் போகாது, அது வேறு கதை. கழுவினால்தான் போகும், அதுவும் மேலே ஒட்டியது மட்டும்.

சரி, அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில், வசாவிளானில் பத்துப் பரப்புத் தோட்டக் காணி. செம்மண். உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாறி மாறிப் போடுவார்கள். 1990 ஜூனில் சண்டைக்குப் பயந்து ஊரே கிளம்பியபோது எனக்கு எட்டு வயது. கிழங்கு கிண்டாமல் மண்ணுக்குள் கிடந்தது. இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் கதவைப் பூட்டினோம். காணி இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அதற்குப் பிறகு கோண்டாவில், சாவகச்சேரி, திரும்பக் கோண்டாவில் என்று எல்லாம் வாடகை வளவுகள். வாடகை வளவில் அம்மா மரம் வைக்கவே இல்லை. கீரை, மிளகாய், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடியது மட்டும். கிரான்வில்லில்தான் இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு ஒரு முருங்கைக் கொப்பு ஊன்றினார்.

அந்த மனிசியிடம் போய், இந்த மண்ணிலும் நடக்கூடாதாம் என்று சொல்ல வேண்டும்.

அறிக்கையைக் காட்டினேன். இலக்கத்தை விளங்கப்படுத்தினேன். சில்லு ஒன்றை எடுத்து, இது முட்டைக்கோது இல்லை அம்மா, பெயின்ற் என்றேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் கதைக்கவில்லை. கையைக் கழுவினார். பிறகு கோதிலேயே கண் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு எவ்வளவெண்டு சொன்னவை?" என்றார். 4.2 என்றேன். அன்றைக்குப் பின்னேரம் நான் வேலையால் வரும்போது சுவரோரம் வெறும் மண். வல்லாரை முழுவதையும் பிடுங்கிக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டிருந்தார், கூட்டெருவுக்குள் போடவில்லை. நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே யோசித்திருக்கிறார். இரண்டு நாள் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் விடிய, "அப்ப அந்த வேலி மூலைக்கு என்னெண்டு வந்தது?" என்று கேட்டார்.

அதுதான் எனக்கும் புரியாத இடம். வேலி மூலை வீட்டிலிருந்து இருபது மீற்றருக்கு மேல் தள்ளி. வீதியும் கிட்ட இல்லை. பின்வீடு செங்கல் வீடு. அங்கே 610 வர வழியே இல்லை. முந்திய ஆட்கள் பழைய பற்றரி உடைத்திருப்பார்களோ, கொட்டில் ஏதும் இருந்து இடித்திருப்பார்களோ என்று ஒரு கிழமை இவரும் நானும் துப்புத் துலக்கினோம். நகரசபையில் பழைய வரைபடம்கூடத் தேடினோம். விடை அம்மாவிடமே இருந்தது. மிளகாய்க்குச் சாம்பல் போடுவது யார்? அம்மா. பூச்சிக்கும் நல்லது, சத்தும் என்று ஊரில் எல்லோரும் தூவுவதுதான். சாம்பல் எங்கிருந்து வந்தது?

2018 தைப்பொங்கலிலிருந்து.

அதற்கு முந்தின மாதம் உக்கிப்போன விறாந்தைக் கைபிடியை மாற்றினோம். கழற்றிய மரம் நன்றாகக் காய்ந்தது, விறகுக்கென்றே செய்தது போல. பின்வளவில் மூன்று கல் வைத்து, கோலம் போட்டு, அந்த மரத்தை எரித்துத்தான் பொங்கினோம். சிட்னியில் விறகடுப்புப் பொங்கல் என்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியது நான். பெயின்ற் அடித்த மரத்தை எரித்தால் மரம்தான் எரியும், ஈயம் சாம்பலில் தங்கும், மிச்சம் புகையில் போகும். அம்மா அந்தச் சாம்பலை ஒரு வாளியில் சேர்த்து வைத்து, மாதக்கணக்கில் கிள்ளிக் கிள்ளி மிளகாய்க்குப் போட்டிருக்கிறார். 1904இல் அந்த வைத்தியர் கைபிடியைத் தொடாதே என்றார். நாங்கள் அதை எரித்துப் பொங்கல் பொங்கியிருக்கிறோம்.

இந்த விஷயத்தில் அம்மாவுக்கு ஒரு குற்றமும் இல்லை. ஊரில் விறகு என்றால் பூவரசு, பனைமட்டை, தென்னம்பாளை. பெயின்ற் அடித்த மரம் அடுப்புக்கு வருகிற வாழ்க்கை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு செய்ததெல்லாம் பெரிய வித்தை இல்லை. சுவரோரம் மண்ணின் மேல் துணி விரித்து, அதற்கு மேல் கூழாங்கல் கொட்டி மூடினோம். மண்ணை வெட்டி அகற்றலாம், ஆனால் லொறிக் கூலியும் கொட்டுகிற கட்டணமும் கேட்டபோது தலை சுற்றியது. வெட்டும்போது கிளம்புகிற தூசி வேறு. வெறும் நிலமாகக் கிடந்த இடங்களில் புல் பதித்தோம். நடு வளவில் தகரப் பெட்டிப் பாத்தி மூன்று, அடியில் துணி, உள்ளே வாங்கிய மண். இவர் முதலில் பழைய ரயில் சிலிப்பர் கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று நின்றார். அதில் ஊறியிருக்கிற எண்ணெய் வேறு தொல்லை. பச்சைச் சாயல் அடிக்கிற பழைய பைன் பலகை என்றால் ஆசனிக். ஒன்றிலிருந்து தப்பி இன்னொன்றில் விழ வேண்டாமே. மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்தால் ஈயம் செடிக்கு ஏறுவது குறையும், கூட்டெருவும் அதைப் பிடித்து வைக்கும் என்று அறிக்கையோடு வந்த குறிப்பில் இருந்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிற செம்மண்ணில் தோட்டம் செய்த அம்மா "இதுக்கும் யூனிவேசிற்றியே?" என்றார்.

அதே குறிப்பில் இன்னொரு ஆலோசனை: தோட்டத்துச் செருப்போடு வீட்டுக்குள் வராதீர்கள், வாசலிலேயே கழற்றுங்கள். வீட்டுக்குள் தூசியை உலர்ந்த தும்புத்தடியால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். இதை வாசித்துக் காட்டியபோது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். செருப்போடு வீட்டுக்குள் ஏறுகிற வெள்ளைக்கார அயலவர்களைப் பற்றி இரண்டு வருடமாகச் சொல்லிவந்ததற்கு விஞ்ஞானம் சாட்சி சொல்லிவிட்டது. அதன் பிறகு வீட்டுக்கு வருகிற குழாய் திருத்துபவரையும் விடுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற சித்தி தொலைபேசியில் சிரித்தார். "எங்களுக்குச் சுன்னாகத்துக் கிணத்தில எண்ணெய் மிதந்தது. நீங்கள் அங்க போயும் மண்ணுக்குப் பயமே?" 2014, 2015இல் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்ததைத்தான் சொன்னார். மிதந்தால் கண்ணுக்குத் தெரியும் சித்தி, வாளியைத் திருப்பிக் கொட்டலாம் என்றேன். அவருக்கு அது சமாதானமாகப் படவில்லை. எனக்கும்தான். கண்ணுக்குத் தெரிந்தும் அவர்களால் என்ன செய்ய முடிந்தது?

ஆறு மாதம் கழித்துச் சின்னவனுக்கு 2.6. அடுத்த வருடம் 2க்குக் கீழே. இவருக்குத் தைரியம் வந்து, நாலு கோழி வாங்குவோம் என்று ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்றேன், காரணம் சொல்லத் தெரியவில்லை, கோழி கிளறும் என்பது மட்டும்தான். 2022இல் அதே பல்கலைக்கழகத்து ஆட்கள் சிட்னியில் 55 வீடுகளின் கோழிகளைச் சோதித்து எழுதியிருந்தார்கள்: வளவுக் கோழியின் முட்டையில் சராசரியாகக் கடை முட்டையைப் போல நாற்பது மடங்கு ஈயம். அந்தப் பக்கத்தை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, மூலை மடிந்து.

கீரை கொடுத்த சிநேகிதிகளுக்கும் சொன்னேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. இருவர் தங்கள் மண்ணை அனுப்பினார்கள். ரூங்காபியில் எழுபதுகளின் கடைசியில் கட்டிய வீட்டுக்காரிக்கு 40 சொச்சம், அவள் அன்றைக்கே வல்லாரை நட்டாள். அஷ்பீல்டில் பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவள் தனக்கு வந்த இலக்கத்தை இன்றைக்கும் சொல்லவில்லை.

2020இல் மண்ணை இரண்டாம் முறை அனுப்பினோம். இந்தத் தடவை பை கட்டியது அம்மா. 'பெட்டி 1', 'பெட்டி 2', 'வேலி மூலை' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தார், நான் மேலே ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. நான் கேட்காமலே ஒரு பை கூட இருந்தது: 'பொங்கல் அடுப்படி'. மூன்று கல் வைத்த இடம். இரண்டு வருடத்துப் புல்லைக் கிளப்பி, அடியில் இருந்த கரி மண்ணை எடுத்திருந்தார்.

பெட்டிகள் 20ஐச் சுற்றி. வேலி மூலை 540. அடுப்படி 880.

அந்த இடத்தில் இப்போது நாலு சீமெந்துச் சதுரக் கல் பதித்திருக்கிறது. தைப்பொங்கலுக்கு அதன் மேல் காஸ் அடுப்பை வைத்துத்தான் பொங்குகிறோம். பால் பொங்கிச் சரியத்தான் செய்கிறது. புகை மணம் இல்லாமல் இதென்ன பொங்கல் என்று அம்மா ஒவ்வொரு வருடமும் சொல்கிறார், சொல்லிக்கொண்டே சின்னவனுக்கு இரண்டாம் தரம் போடுகிறார்.